சோயாவும் பதினாறு நாள் விரதமும்

தீவுப்பகுதிக்கு நியமனக் கடிதம் வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி எழுதுகிறாள் என்றால் கடலைப் பற்றித்தான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். கச்சான் காற்று, அலை, பாதிக் கடலில் பிறந்த பிள்ளை, எல்லாம் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் உன் சேவைக்காலத்தில் எது உன்னை எல்லாவற்றையும்விடப் பயப்படுத்தியது என்று கேட்டால் சோயா என்றுதான் சொல்லுவேன். சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

என் கடைசி வருசங்கள் நயினாதீவில். வாரத்தில் ஒரு நாள் கிளினிக். பிரசர், சீனி, கொலஸ்ரோல், இருதயம் என்று வருத்தக்காரர்கள் விடியவே வந்து நீள மரவாங்குகளில் வரிசையாக இருந்துவிடுவார்கள். டொக்டர் வரும்வரை அவர்களுக்குச் சுகாதாரப் பேச்சு நடத்துவது என் வேலை. எனக்குப் பேசக் கிடைத்தால் விடமாட்டேன் என்பது ஊரறிந்த விசயம். மிஸ்ஸி வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வேண்டும் என்று என் காதுபடவே சொல்லுவார்கள்.

அந்த வாங்கில் எப்போதும் முதல் ஆளாக இருப்பவர் நடராசா அண்ணை. தெற்கில் ஒரு பட்டினத்தில் நீண்டகாலம் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பிள்ளைகள் கனடாவில். இங்கே அவரும் மனைவி பரமேஸ்வரி அக்காவும் மட்டும்தான். முந்திய வருசம் அவருக்கு மாரடைப்பு வந்து, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் ஸ்ரென்ற் என்கிற சின்னக் கம்பிச் சுருள் வைத்திருந்தார்கள். ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு. மருந்து உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் செய்வார். எழுதாததைச் செய்யவே மாட்டார்.

சாப்பாட்டில்தான் அவர் என்னோடு மல்லுக்கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்பார். அதுவும் கட்டித் தேங்காய்ப் பாலில் எண்ணெய் மிதக்க மிதக்க. அந்த நாட்களில்தான் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தேன். சோயாவில் இருக்கிற புரதம் கெட்ட கொலஸ்ரோலைக் கொஞ்சம் குறைக்கும், கொழுப்புள்ள இறைச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தில் சோயாவைச் சாப்பிட்டால் நன்மை இன்னும் கூட, ஆனால் மருந்தின் வேலையை அது செய்யாது என்று அங்கே தெளிவாகச் சொன்னார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டும் வந்தேன்.

ஆனால் வாங்கில் இருக்கிறவர்களுக்கு முன்னால் நின்றபோது யோசித்தேன். 'கொஞ்சம் குறைக்கும்' என்றால் யார் எழும்பிப்போய்ச் சோயா வாங்கப்போகிறார்கள்? அந்தக் கொஞ்சத்தை நானே விழுங்கிவிட்டேன். சோயா கொலஸ்ரோலைக் குறைக்கும், சோயா இருதயத்தைக் காக்கும் என்று அடித்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பேசுகிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பரமேஸ்வரி அக்கா தலையாட்டியதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. பெட்டியில் வருகிற சோயாத் துண்டுகளைக் கொதிதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தரம் கழுவிப் பிழிந்து, பெட்டிக்குள் வந்த தூளை உப்பு என்று எறிந்துவிட்டு, தன்னுடைய வறுத்த தூளைப் போட்டு, தேங்காயின் கடைசிப் பாலில் கறி வைத்திருந்தா. சோயா அவரையை இரவே ஊறப்போட்டுத் தோல் நீக்கி அரைத்துப் பாலும் எடுத்திருந்தா. அண்ணை அதைக் குடிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். ஆனாலும் குடித்தார். கறி எனக்கும் ஒரு கோப்பையில் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். முப்பத்தைந்து வருசம் ஒரே மாதிரிச் சமைத்த கை, ஒரு மாதத்தில் இப்படி மாறுமா? ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழி முழுக்க அதையே நினைத்து வியந்துகொண்டு போனேன்.

மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை ரிப்போட் வந்தது. கெட்ட கொலஸ்ரோல் நன்றாக இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அந்த ரிப்போட்டைத் தூக்கிப் பிடித்து, பாருங்கோ, இதுதான் சோயா என்று வாங்கு முழுக்கக் காட்டினேன். அண்ணை கலியாண மாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு இருந்தார்.

அண்ணையின் கிளினிக் கொப்பியில், அதே மூன்று மாதத்துக்கு முன்னால், யாழ்ப்பாணத்து இருதய கிளினிக்கில் அவருடைய கொலஸ்ரோல் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அதையும் நான் பார்த்திருந்தேன். குளிசையும் சோயாவும் இறைச்சியை விட்டதும் சேர்ந்துதான் கொலஸ்ரோல் இறங்கியது, அதில் பெரும்பங்கு குளிசைக்குரியது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பேச்சின் மவுசு குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பிழை என்று அப்போது தோன்றவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அதன் பிறகு தீவில் சோயாவுக்கு வந்த காலத்தைச் சொல்லவேண்டும். கடைக்காரர்கள் படகில் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். அம்மாள் கோயில் திருவிழாவுக்குப் பதினாறு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சாத வீடுகளில் மத்தியானக் கறியாகச் சோயாவும் ஏறிவிட்டது. இறைச்சி மாதிரிக் கடிபடுகிறதை விரதத்துக்குச் சாப்பிடலாமோ என்று சிலர் ஒதுங்கினார்கள். அம்மாளுக்கு அது அவரைக்கொட்டை என்று தெரியும், நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ என்று பரமேஸ்வரி அக்கா தீர்ப்புச் சொன்னா. நானும் சிரித்தேன்.

கொடியேற்றத்துக்கு முன் கிளினிக்கில் அண்ணை, இந்த முறை, மாரடைப்பில் உயிர் தப்பியதற்கு நேர்த்தி, பதினாறு நாளும் ஒருநேரச் சாப்பாடு என்றார். மத்தியானம் நன்றாகச் சாப்பிடுங்கோ, சோயாவை விடாதையுங்கோ, தண்ணீர் நிறையக் குடியுங்கோ என்றேன். திருவிழாவின் நடுவில் வீதியில் கண்டபோதும் மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஓம் மிஸ்ஸி, ஒழுங்கு என்றார். அந்த மனிதர் பொய் சொல்லமாட்டார். நான் திருப்தியோடு நடந்தேன்.

தேர் நாள் வந்தது. நயினாதீவின் தேர் நாளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அக்கரையில் குறிகட்டுவானில் இருந்து படகு படகாகச் சனம் வந்து இறங்கும். தீவு தாங்குமோ என்று பயம் வரும். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒருவர், நான், இன்னும் இரண்டு பேர். டொக்டருக்கு என் மகனைவிட வயது குறைவு. வெயிலில் மயங்கினவர்கள், காலில் முள் ஏறினவர்கள், தொலைந்துபோய் அழுகிற பிள்ளைகள் என்று காலை எட்டு மணிக்கே கைகால் ஓடாத நிலை.

அந்த நெரிசலுக்குள் நடராசா அண்ணை நடந்து வந்தார். வேட்டி, சால்வை, திருநீறு எல்லாம் அப்படியே. நெஞ்சுக்குள் ஏதோ இறுக்குகிறது, வாய்வு போல இருக்கிறது, ஒரு மருந்து தாருங்கோ, தேர் இழுக்க நேரமாகிறது என்றார். சோயா வாய்வு தரும் என்பது எங்கள் வாங்கில் பழகிப்போன முறைப்பாடு. அதற்குச் சிரித்துப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அது வாய்ப்பாடாகிவிட்டிருந்தது. ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாய்வு மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொல்லித் திரும்பினார்.

பின்னால் வந்த பரமேஸ்வரி அக்கா வாசலில் அவரை மறித்துவிட்டா. அவர், நீர் சும்மா இரும், தேர் வெளிக்கிடப்போகுது என்று அதட்டினார். அவ அவரை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றா. குரல் உயரவில்லை.

"மிஸ்ஸி, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இவர் ஒண்டும் வாயில வைக்கேல்லை. வெறும் வயித்தில வாய்வு எங்கையிருந்து வரும்? விடியத் தொடக்கம் வேர்க்குது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணுக்கு வழிந்திருந்தது. நிழலில் நிற்கிற மனிதருக்கு அவ்வளவு வியர்வை. கதிரையில் இருத்திக்கொண்டே, இரவுக் குளிசைகளைப் போட்டீர்களா என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் கேள்வி அவர்களுக்கு விளங்கவில்லை.

"இராச் சாப்பாடு இல்லையே மிஸ்ஸி," என்றா அக்கா. "உறையில இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்டெல்லே எழுதிக் கிடக்கு. சாப்பிடாமல் எப்பிடிப் போடுறது?"

இரத்தம் உறையாமல் காக்கிற குளிசை, கொலஸ்ரோல் குளிசை, இரண்டுமே இரவில்தான். ஸ்ரென்ற் வைத்த மனிதர் பதினான்கு நாள் இரண்டையும் தொடவில்லை. விரதத்துக்கு முன் நானே அவரோடு இருந்து பேசியிருந்தேன். சோயாவை விடாதையுங்கோ என்றேனே தவிர, இரவுக் குளிசையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஒழுங்கு என்று அவர் சொன்னதும் உண்மைதான். எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டொக்டருடைய முகம் மாறியது. திரும்பவும் மாரடைப்பு. என்னென்ன கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதி, அதை விடுகிறேன். நான் டொக்டரைத் தனியாக இழுத்து, வாய்வு என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள், மிஸ்ஸி? அதைத் துண்டில எழுதுங்கோ. இவரோட நீங்களே போங்கோ. நான் இஞ்சை பாத்துக்கொள்ளுறன்."

பிள்ளைகளே, நீங்களும் பிழை விடுவீர்கள். அந்த நேரத்தில் அழுது பிரயோசனமில்லை, ஒளித்தால் ஆள் செத்துப்போவான். நேரத்தோடு எழுதிக் கையில் கொடுங்கள். அந்த டொக்டர் தம்பி எனக்கு அரை நிமிடத்தில் அதைப் பழக்கிவிட்டார்.

இறங்குதுறைக்குப் போனால் நிலம் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. வந்த படகுகள் கட்ட இடமில்லாமல் வெளியே வரிசையில் நின்றன. கரையோடு கட்டியிருந்த படகு துறையின் அந்தலையில், கடைசி முனையில். அதுவரை எப்படிக் கொண்டுபோவது? தள்ளுவண்டி நுழைய இடமில்லை. அண்ணையை நடக்கவிட ஏலாது, ஒரு அடிகூட. அவரை இருத்தியிருந்த பிளாஸ்ரிக் கதிரையோடு எங்கள் ஆட்கள் தூக்கினார்கள். பரமேஸ்வரி அக்கா முன்னால் நின்ற ஒருவரிடம், இருதய வருத்தக்காரர் என்று மட்டும் சொன்னா. அவர் திரும்பித் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். அந்தச் சொல் துறை நீளத்துக்கும் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் கைகளை உயர்த்தினார்கள். கதிரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, தலைகளுக்கு மேலால் போனது. காவடிக்காரர், தாலிக்கொடி போட்ட பெண்கள், கொழும்புச் சட்டைக்காரர்கள், தீவின் புத்த விகாரைக்கு வந்த சிங்களச் சனம், எல்லோருடைய கையும் அதில் பட்டது. கதிரை ஒரு தரமும் சரியவில்லை. கோயில் பக்கம் தேர் வெளிக்கிட்ட அரோகரா கேட்டதும், மேலே இருந்தபடியே அண்ணை அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கீழே கை கொடுத்தவர்கள் அம்மாளின் பெயரைச் சத்தமில்லாமல் வாய்க்குள் சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளைகளோ, அவரை யாரென்றே தெரியாது. அத்தனை பேரும் ஒரு மனிதனின் இருதயத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கும்பிடப் போகிறது.

படகு கடந்தது, அம்புலன்ஸ் காத்திருந்தது, புங்குடுதீவுப் பாலத்தையும் வேலணையையும் எப்படித் தாண்டினோம் என்று நினைவில்லை. அவருடைய நாடியில் இருந்து என் விரலை எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் அடைப்பை நீக்கினார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள். அவர் இன்றைக்கும் இருக்கிறார், கடவுள் புண்ணியம்.

அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு ஸ்கான் செய்தபோது என்னையும் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். இவ்வளவு காலமும் இருதயம் இருதயம் என்று வாய் கிழியப் பேசியவள், உயிரோடு துடிக்கிற ஒன்றை அப்படிப் பொறுமையாக நின்று பார்த்தது அன்றைக்குத்தான். திரையில் வால்வு மீன் வாய் மாதிரித் திறந்து திறந்து மூடியது. அம்மாளே, எப்படியொரு வேலைக்காரன்! நாங்கள் நித்திரை கொண்டாலும் கோபித்தாலும் விரதம் இருந்தாலும் அது தன்பாட்டில் நிற்காமல் செய்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் மட்டும் மற்றப் பக்கத்தோடு சேர்ந்து அசையவில்லை. அந்த இடம் செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று ஸ்கான் செய்தவர் சொன்னார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு அண்ணை மெல்லிய குரலில் கேட்டார்.

"சோயா பிழையோ, மிஸ்ஸி?"

"சோயா பிழையில்லை அண்ணை. அது தன்ரை வேலையைச் செய்தது. குளிசையின்ரை வேலையையும் அதே செய்யும் எண்ட மாதிரி நான் சொன்னதுதான் பிழை."

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப வாங்கில என்னோட இருந்த மற்றாக்கள்?" என்றார்.

மாரடைப்பு வந்து கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு வந்த யோசனை, இரண்டு நாளாக அவருக்காகவே துடித்துக்கொண்டிருந்த எனக்கு வரவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமா? அந்த ரிப்போட்டை நான் வாங்கு முழுக்கக் காட்டினேனே!

மறுநாள் கிளினிக். முதல் படகில் திரும்பினேன். வாங்குகள் நிறைந்திருந்தன, அண்ணையின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவரைப் பற்றிய கதை எனக்கு முன்னமே தீவுக்கு வந்திருந்தது. டொக்டரிடம் கேட்டுக்கொண்டு எழும்பி நின்றேன். பேச்சுக்குப் பெயர்போனவளுக்கு முதல் வசனம் வர எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? சோயா நல்லது, கொழுப்பிறைச்சிக்குப் பதிலாகச் சாப்பிடுங்கோ, ஆனால் அது குறைப்பது கொஞ்சம்தான், அண்ணையின் ரிப்போட்டை இறக்கியதில் கூடின பங்கு குளிசைக்கு, அதை நான் தெரிந்துகொண்டே உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

பிறகு, திருவிழாவுக்கு ஒருநேரச் சாப்பாடு இருந்தவர்களில் இரவுக் குளிசையை விட்டவர்கள் கையை உயர்த்துங்கோ, நான் ஏசமாட்டேன் என்றேன்.

முதலில் ஒரு கை. வளையல் போட்ட மெலிந்த கை. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பின் வாங்கிலிருந்து இரண்டு, சுவரோரம் மூன்று. ஆட்கள் அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்து உயர்த்தினார்கள். எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன். இவர்கள் ஒவ்வொருவரையும் திருவிழா நாட்களில் கண்டிருக்கிறேன், மருந்து ஒழுங்கோ என்று கேட்டிருக்கிறேன், ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. என்னை அவ்வளவுக்கு நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் கை உயர்த்திய அந்த அம்மா இன்னும் கையை இறக்காமல் சொன்னா:

"சோயா சாப்பிட்டனாங்கள்தானே, மிஸ்ஸி. அது காணுமெண்டு நினைச்சம்."

நான் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் அவவுக்கு முன்னால் போட்டு இருந்தேன். அவவுடைய கிளினிக் கொப்பியை வாங்கி மடியில் விரித்தேன். உயர்ந்த கைகள் எல்லாம் எனக்குப் பின்னால் அப்படியே காத்திருந்தன.

"இராவில என்ன சாப்பிடுறனீங்கள், அக்கா?" என்று கேட்டேன்.